கல்யாணம் செய்த கைகள்

இக்காலத்தில் மணம் பேசி முடித்த இளைஞர் சிலர், ஆயிரம் பேர் அமரும் குளிரூட்டிய மண்டபத்தையும், அதன் வாசலில் நிற்கும் செயற்கைப் பூ வளைவையும், இன்னாரென்று அறியாத சமையற்காரர் இன்னாரென்று அறியாத விருந்தினர்க்குப் பரிமாறும் எண்ணிறந்த பதார்த்தங்களையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, வீட்டு முற்றத்திலோ தென்னந்தோப்பிலோ நெருங்கிய சுற்றத்தார் சிலர் மட்டும் சூழ்ந்திருக்க, தாமே வரைந்த அழைப்பிதழும் தோழியர் தொடுத்த மாலையும் அத்தைமார் செய்த பட்சணமுமாக, ஆரவாரமின்றி நிதானமாகத் தங்கள் விவாகத்தை நடத்திக்கொள்ள வேண்டுமென்று பிரியப்படுகிறார்கள். இதைக் கேட்கும் பெரியவர்களில் ஒரு சாரார், மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து வந்த மோகம் என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். மற்றொரு சாரார், செலவுக்கு அஞ்சிய சாமர்த்தியம் என்று புன்னகை செய்கிறார்கள். தமிழ்நாட்டு விவாகத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இவ்விரண்டு அபிப்பிராயங்களும் பொருந்தா என்பது விளங்கும். வீட்டாரும் ஊராரும் தம் கைகளால் செய்து முடித்த கல்யாணமே இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. வாடகை மண்டபக் கல்யாணமோ பிற்காலத்தில் வந்தது. ஆயினும் அந்தப் பழைய கல்யாணத்தைப் பொன்னுலகமாகச் சித்திரித்து ஏங்குவதற்கு முன்னர், அதைச் செய்த கைகள் யாருடையவை, அவை அன்பினால் அசைந்தனவா, கட்டளைக்கு அஞ்சி அசைந்தனவா என்று விசாரிப்பதும் நம் கடமையாகும்.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கல்யாணச் சித்திரங்கள் இரண்டும் அகநானூற்றில் இருக்கின்றன. நல்லாவூர் கிழார் பாடிய 86-ஆம் பாட்டு ஒன்று, விற்றூற்று மூதெயினனார் பாடிய 136-ஆம் பாட்டு மற்றொன்று. இரண்டிலும் மணம் முடித்த தலைவனே பழைய நாளை நினைத்துப் பேசுகிறான் என்பதனால், அரசவையிலிருந்து பார்த்த காட்சியாக இல்லாமல், பந்தலுக்குள் நின்று பார்த்த காட்சியாக அவை அமைந்திருக்கின்றன. நல்லாவூர் கிழாரின் பாட்டில், வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தலில் புதுமணல் கொணர்ந்து பரப்பியிருக்கிறார்கள். விளக்கேற்றி, மாலைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உளுந்து சேர்த்துப் பொங்கிய சோறு வந்தவர்க்கெல்லாம் குறைவின்றி வழங்கப்படுகிறது. இருள் நீங்கும் வைகறைப் பொழுதில், நீர்க்குடத்தைத் தலையில் சுமந்தவர்களும் புதிய அகன்ற கலங்களைக் கையில் ஏந்தியவர்களுமாகிய முதிய பெண்டிர், முன்னே தரவேண்டியதை முன்னும் பின்னே தரவேண்டியதைப் பின்னும் முறைப்படி எடுத்துத் தந்துகொண்டு, ஓயாமல் ஓசை செய்து திரிகிறார்கள். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி மணப்பெண்ணை வாழ்த்தி நீராட்ட, நீரோடு சேர்ந்த பூவிதழும் நெல்லும் அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டு விளங்குகின்றன. அவ்வளவுதான் சடங்கு, அதன்பின் சுற்றத்தார் திரண்டு வந்து அவளை வாழ்த்தி அவனுக்குத் தருகிறார்கள்.

மூதெயினனாரின் பாட்டில் இறைச்சியோடு கூடிய நெய்ச்சோற்று விருந்தும், நிமித்தம் பார்த்தலும், திங்கள் உரோகிணியோடு கூடிய நாளைத் தேர்தலும், மனையை அலங்கரித்துக் கடவுளைப் பேணுதலும், மணமுழவின் முழக்கமும் வருகின்றன. ஆனால் மணமகளுக்குச் சூட்டியது பொன்னும் மணியும் அன்று. வாகையின் இலையையும், பள்ளத்தில் மழைக்குத் தழைத்த அறுகம்புல்லின் மொட்டையும் வெண்ணூலில் சேர்த்துக் கட்டி அவளுக்கு அணிவித்தார்கள் என்று அந்தக் கவிஞர் சொல்கிறார். ஊரின் ஓரத்தில் வளரும் புல்லும் மரத்து இலையும் கல்யாண அணியாக உயர்ந்தன. அவற்றைப் பறித்து வந்த கையும், நூலில் கோத்த கையும் அவ்வீட்டுப் பெண்களின் கைகளாகவே இருந்திருக்க வேண்டும். இவ்விரண்டு பாடல்களிலும் வேள்வித் தீயும் புரோகிதரும் தீவலம் வருதலும் சொல்லப்படவில்லை என்பதை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு: நல்லாவூர் கிழாரின் பாட்டில் நீராட்டும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் இல்லை. மக்களைப் பெற்றவர்களே முன்னே வர வேண்டும். அந்தப் பாக்கியம் இல்லாதவளும் கணவனை இழந்தவளும் அப்பந்தலில் எங்கே நின்றார்கள் என்பதைப் பாட்டு சொல்லாமல் விட்டுவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் தொடக்கத்துக்கு வந்தால் காட்சி முற்றிலும் மாறுகிறது. புகார் நகரத்துப் பெருவணிகர் குடும்பங்கள் இரண்டும் பன்னிரண்டு வயதுக் கண்ணகியையும் பதினாறு வயதுக் கோவலனையும் இணைக்கத் துணிந்தபோது, யானைமேல் ஏற்றிய மகளிரைக் கொண்டு மாநகரெங்கும் செய்தி அறிவித்தார்கள்; மணிகள் பதித்த தூண்களின்மேல் நீலப் பட்டு விதானமும் முத்துப் பந்தலும் எழுந்தன; முதிய பார்ப்பான் மறைவழி காட்ட மணமக்கள் தீவலம் வந்தார்கள். துறைமுகத்தின் வழியே செல்வம் புகுந்த நகரத்தில் மணலும் அறுகும் போதாமற் போயின. வீட்டார் கைகளால் செய்யும் கல்யாணமும் விலைக்கு வாங்கிச் செய்யும் கல்யாணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு யுகங்கள் என்று கொள்ளாமல், அவை எக்காலத்திலும் பக்கத்துப் பக்கத்து வீதிகளில் நடந்து வந்தன என்று கொள்வதே பொருந்தும். செல்வம் கல்யாணத்துக்குள் புகுந்து உறவைக் கெடுக்கிறது என்ற கவலையும் நெடுநாளையது. விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425-ஆம் ஆண்டையொட்டி, படைவீட்டு இராஜ்யத்து அந்தணர்கள் ஒன்றுகூடி, இனி விவாகங்களைக் கன்னிகாதானமாகவே செய்வதென்றும், பெண்ணுக்காகப் பொன் வாங்குபவரும் பொன் கொடுப்பவரும் தங்கள் சமூகத்துக்குப் புறம்பாவார் என்றும் உடன்படிக்கை செய்து, அதை விரிஞ்சிபுரத்துக் கோயிலில் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரை கிராமங்களில் நடந்த வீட்டுக் கல்யாணத்தை, அதில் சிறுவராக ஓடித் திரிந்தவர்கள் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் பலர் உண்டு. அந்தக் கல்யாணம் முகூர்த்த நாளில் தொடங்குவதில்லை. நெல் அவித்து உலர்த்தும் நாளிலேயே தொடங்கிவிடும். முகூர்த்தக்கால் ஊன்றியதும், தென்னங்கீற்று முடைகிறவர்களும் பனைமரக் கால் சுமக்கிறவர்களும் வந்து வாசலை அடைத்துப் பந்தல் போடுவார்கள். குலை தள்ளிய வாழை இரண்டு, தோட்டத்திலிருந்து வேரோடு வந்து நுழைவாயிலில் நிற்கும். மஞ்சள் இடிப்பதற்கு ஒரு நாள், அப்பளம் இடுவதற்கு ஒரு நாள், பாலிகைக் கிண்ணங்களில் நவதானியம் தெளிப்பதற்கு ஒரு நாள் என்று ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியே நல்ல நேரம் பார்த்து, அந்த நேரத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து, வேலையையே ஒரு வைபவமாக்கிவிடுவார்கள். ஊரில் எந்த வீட்டில் பெரிய அண்டா உண்டு, எந்த வீட்டில் ஜமக்காளம் உண்டு, யார் வீட்டுத் திண்ணையில் சம்பந்திகளை இறக்கலாம் என்பதெல்லாம் எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கொடுத்த அண்டா தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறோர் உருவத்தில் திரும்பி வரும் என்பதும், மொய்ச் சுவடியில் எழுதிய தொகை என்றாவது எழுதியவர்க்கே திரும்பும் என்பதும் சொல்லாமலே நின்ற ஒப்பந்தங்கள்.

இவ்வேலைகளில் கைத்திறனின் உச்சியாக மதிக்கப்பட்டது கைச்சுற்று முறுக்கு. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, இன்னும் ஈரம் முழுவதும் போகாத பக்குவத்தில் இடித்துச் சலித்து, வறுத்தரைத்த உளுத்த மாவும் வெண்ணெயும் சீரகமும் பெருங்காயமும் கலந்து பிசைந்த மாவிலிருந்து ஓர் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, விரித்த வெள்ளைத் துணியின் முன் அமர்வாள் ஓர் அம்மாள். எண்ணெய் தொட்ட கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு மெல்லிய கயிறாக இறங்கும். இறங்கும்போதே விரல்கள் அதை முறுக்கிவிடும். முறுக்கிய கயிறு துணியின்மேல் ஒரு புள்ளியைச் சுற்றி ஐந்து சுற்று, ஏழு சுற்று, சம்பந்தி வீட்டுச் சீருக்காயின் அதற்கும் மேலே என்று வட்டமாகப் படியும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே இழை தடிக்கவோ மெலியவோ கூடாது. எண்ணெயில் இட்டு எடுக்கும்போது ஒன்று உடைந்தாலும் அபசகுனமென்று முகம் வாடுவோர் உண்டு. இத்தகைய முறுக்கு அடுக்கிய தாம்பாளத்தைப் பார்த்தே, பிள்ளை வீட்டார் பெண் வீட்டின் சிரத்தையை எடைபோட்டார்கள்.

அந்தணர் வீடுகளில் இந்த வித்தையில் பெயர் பெற்றவர்களில் பலர் கைம்பெண்கள். இளமையிலே கணவனை இழந்து, தமையன் வீட்டிலோ தூரத்து உறவினர் வீட்டிலோ ஒண்டியிருந்த அத்தையும் பாட்டியும், கல்யாணம் என்றதும் சமையற்கட்டின் அதிபதிகளாக அழைக்கப்பட்டார்கள். ஊருக்கு ஊர் அவர்களைத் தேடி வண்டி போயிற்று. அவர்கள் விரலிலிருந்து பிறந்த முறுக்கு மணமேடையருகே தாம்பாளத்தில் மங்கலப் பொருளாக வீற்றிருந்தது. அவர்களோ முகூர்த்த வேளையில் கூடத்துக்கு வந்துவிடாதபடி கொல்லைப்புறத்தில் ஒதுங்கி நின்றார்கள். தான் வளர்த்த பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவதைக் கதவிடுக்கின் வழியாகப் பார்த்த அத்தைகள் இந்நாட்டில் எத்தனையோ பேர். கைவேலைப்பாட்டின் அழகை மெச்சுகிறவர்கள், அந்தக் கை யாருடையது என்பதையும் அது எங்கே நிறுத்தப்பட்டது என்பதையும் மறந்துவிட்டால், பாதி சரித்திரத்தையே அறிந்தவர்களாவார்கள்.

ஒவ்வொரு நாட்டுப்பகுதியும் ஒவ்வொரு சமூகமும் தத்தமக்கென்று பிரத்தியேகமான கைவேலையொன்றைக் கல்யாணத்துக்கு வைத்திருந்தன. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் ஆச்சிமார், பனையோலைக் குருத்தைக் கிழித்துச் சாயமேற்றிப் பின்னிய கொட்டான்களைப் பெண்ணின் சீருக்கென்று சேர்த்து வைத்தார்கள். விரலளவுக் கொட்டானிலிருந்து பெரிய பெட்டிவரை பல அளவுகளில், பாசிமணியும் நூல்வேலையும் கொண்டு அணி செய்யப்பட்ட அவை, கொடுப்பவளின் கைப்பழக்கத்தைக் காட்டும் முத்திரைகளாயிருந்தன. அதே சமூகத்தார் இசைகுடிமானம் என்னும் மண உடன்படிக்கையை முன்னாளில் ஓலையில் எழுதிக்கொண்டதனால், எழுத்தாணி பிடித்த கைக்கும் அந்தக் கல்யாணத்தில் இடம் இருந்தது. கொங்கு நாட்டு வேளாளர் கல்யாணத்தில், மக்கட்பேறு வாய்த்த முதியவராகிய அருமைக்காரரே சீர்களை நடத்தினார்; கம்பர் இயற்றியது என்று வழங்கும் மங்கல வாழ்த்தைக் குடிமகனாகிய நாவிதர் சபையின் நடுவே நின்று பாடினார். யாழ்ப்பாணத்தில் மணமகன் வீட்டிற்குத் தட்டாரை நல்ல நாளில் வரவழைத்து, பொற்காசு ஒன்றை உற்றார் கண்ணெதிரே உருக்கித் தாலிக்குப் பொன் எடுக்கும் பொன்னுருக்கு இன்றும் கைவிடப்படவில்லை. தாலி கடைக்கண்ணாடிக்குள்ளிருந்து வருவதற்கு முன், இன்ன நெருப்பில் இன்னார் முன்னிலையில் உருகிய பொன் என்று அதற்கு ஒரு பிறப்பு இருந்தது.

திருநெல்வேலிச் சீமையில் தாமிரவருணிப் பாய்ச்சலையொட்டிய பத்தமடை என்னும் ஊர், கல்யாணத்துக்கென்றே ஒரு கைத்தொழிலை வளர்த்தது. ஆற்றோரத்தில் வளரும் கோரையை அறுத்து உலர்த்தி, கத்தியால் ஒவ்வொரு தண்டையும் நீளவாக்கில் பிளந்து, ஓடும் நீரில் சில நாட்கள் ஊறப்போட்டு, பருத்து வந்த பின் எடுத்து, மறுபடியும் உலர்த்தி, மறுபடியும் பிளந்து, நூலுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத மென்மைக்குக் கொண்டுவருகிறார்கள். பருத்தி நூலைப் பாவாகத் தரையையொட்டிய தறியில் இழுத்துக் கட்டி, கோரை இழையை ஒவ்வொன்றாக நீண்ட குச்சியில் மாட்டி ஊடாகச் செலுத்தி, அச்சுப் பலகையால் நெருக்கி அடிக்கிறார்கள். இழை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நாட்கள் கூடும். முரட்டுப் பாய் சில நாட்களில் முடியும், பட்டுப்பாய் என்று பெயர்பெற்ற உயர்ந்த பாய்க்கு மாதக்கணக்கு ஆகும். அப்படி முடிந்த பாய் துணிபோல் மடங்கி ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கும்.

கல்யாணப் பாயென்றால், மணமகன் மணமகள் பெயர்களும் விவாகத் தேதியும் கோரையிலேயே எழுத்தாக விழும்படி நெய்யவேண்டும். எழுத்து எங்கே தொடங்க வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்பதை இழையெண்ணிக் கணக்கிட்டு, அந்த இடங்களில் மட்டும் சாயமிட்ட கோரையைச் சேர்க்க வேண்டும். ஓர் இழை தவறினால் வரிசை முழுவதையும் பிரித்துத் திரும்பத் தொடங்க வேண்டும். இவ்வாறு நெய்தவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் சமூகத்தார். அவர்களிலும் பெண்களே மிகுதி. தான் ஒருபோதும் காணப்போகாத ஓர் இந்துக் குடும்பத்து மணமக்களின் பெயர்களை, ஓர் இஸ்லாமியத் தாய் தன் வீட்டுத் திண்ணையறையில் அமர்ந்து, எழுத்தெழுத்தாக நெய்து தந்தாள். அந்தப் பாய் அவள் கையை விட்டுப் போய், வேறோர் ஊரில் விரிக்கப்பட்டு, பின் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டு, பேரக்குழந்தைகளுக்குக் காட்டப்பட்டது. புவிசார் குறியீடு பெற்ற பெருமை இவ்வூர்ப் பாய்க்கு இன்று உண்டு. ஆயினும் நுண்பாய் நெய்யும் விரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மாதக்கணக்கான உழைப்புக்குத் தகுந்த கூலியை அந்தப் பாயின் விலை நெடுங்காலம் தரவில்லை என்பதே அதற்குப் பெரிய காரணம்.

கூலியைப் பற்றிய பேச்சு வந்தவுடன், வீட்டுக் கல்யாணத்தின் மறுபக்கத்தையும் பார்க்காமல் தப்ப முடியாது. மணமகன் நடந்து வரும் பாதையில் மண் படாதபடி வெளுத்த மாற்றை விரித்தவரும், பந்தலின் மேற்புறத்தில் வெள்ளை கட்டியவரும் வண்ணார். அரசாணிப் பானையைச் சுட்டு வர்ணம் தீட்டி எடுத்து வந்தவர் குயவர். முகச்சவரமும் தூது சொல்வதும் நாவிதர் கடமை. பறை முழக்கியவரும் விறகு பிளந்தவரும் எச்சில் இலை எடுத்தவரும் ஊருக்கு வெளியே இருந்து வந்தவர்கள். இவர்களில் எவரும் அன்றைய வேலைக்கு அன்றே கூலி பேசிக்கொண்டவர்கள் அல்லர். அறுவடைக் காலத்தில் களத்தில் அளக்கும் நெல்லுக்கும், கல்யாண நாளில் கிடைக்கும் வேட்டிக்கும் தாம்பூலத்துக்கும், பந்தி முடிந்த பின் பாத்திரத்தில் வாங்கிப்போகும் சோற்றுக்கும் ஈடாக, பரம்பரை பரம்பரையாக அழைத்தபோதெல்லாம் வந்து நிற்க வேண்டியவர்கள். வர இயலாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. அவர்களின் கைத்திறன் இல்லாமல் ஒரு சீரும் நிறைவேறாது. ஆனால் அந்தச் சீர் நிறைவேறிய பந்தலில் அவர்கள் சமமாக அமர்ந்து உண்டதில்லை.

அவர்கள் வீட்டுக் கல்யாணத்தை அவர்கள் விருப்பப்படி அழகு செய்துகொள்ளவும் விடவில்லை. 1931-ஆம் ஆண்டு இந்திய ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன், ஜாதியைப் பற்றிப் பிற்பாடு எழுதிய நூலில், 1930-லும் 1931-லும் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் ஆதிதிராவிடர் மீது விதித்த தடைகளை வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் பூச்சூடக் கூடாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு பாத்திரம் கூடாது. கல்யாணத்தில் மேளவாத்தியம் கூடாது. தாலி கட்டுவதற்கு முன் மணமகன் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவையே கழற்றி அதில்தான் ஊர்வலம் போக வேண்டும். இன்றைக்கு ஒருவர் தாமாக விரும்பி மண்பாண்டத்தில் பரிமாறினால் அது ரசனை; அன்றைக்கு அதுவே தண்டனைக்கு அஞ்சி ஏற்ற அவமானம். எளிமையைத் தேர்ந்தெடுப்பதற்கு, ஆடம்பரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் இருக்க வேண்டும்.

அதே இராமநாதபுரம் ஜில்லாவில், அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தம் என்னும் கிராமத்தில், 1928-ஆம் ஆண்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமி தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதரும் மந்திரமும் நாளும் நட்சத்திரமும் இல்லாமல், சபையோர் முன்னிலையில் மணமக்கள் தாமே உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்ட இம்முறை, அடுத்த பத்தாண்டுகளில் தமிழ் ஜில்லாக்களெங்கும் பரவிற்று. கைம்பெண் மறுமணமும் கலப்பு மணமும் இந்தப் பந்தல்களில் வெளிச்சத்தில் நடந்தன. பெரியாரின் 'குடியரசு' பத்திரிகை அவற்றின் செய்திகளை வெளியிட்டது. இராகு காலத்தில் வேண்டுமென்றே வைத்த திருமணங்களும், உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வரும்படி மாலையில் வைத்த திருமணங்களும் உண்டு. சீர் வரிசையை நீக்கிய இடத்தில் சொற்பொழிவை வைத்தார்கள். அதன் நீளத்தைக் குறித்து அக்காலத்து விருந்தினர் பெருமூச்சு விட்டதும் உண்மையே.

கைவேலைப்பாடு இத்திருமணங்களில் அற்றுப்போயிற்று என்று நினைப்பது சரியன்று; அது வேறோர் இடத்துக்குக் குடிபெயர்ந்தது. மணமகனின் நண்பர்களோ தமிழாசிரியரோ, மணமக்கள் பெயரும் ஊரும் குணமும் வைத்து வாழ்த்துப்பா ஒன்றைப் புனைந்து, உள்ளூர் அச்சுக்கூடத்தில் நாலு புறமும் பூங்கரை வைத்து வர்ணத் தாளில் அச்சிட்டு, பந்தலில் ராகத்தோடு படித்து, வந்தவர்க்கெல்லாம் ஒவ்வொரு பிரதி கொடுத்தார்கள். யாப்பு தவறிய பாக்களும் அவற்றில் ஏராளம்; ஆனால் அந்தப் பா அந்த இருவருக்காக மட்டுமே எழுதப்பட்டது. கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிய அந்த வாழ்த்துமடல்களை, 1950-களில் மணம் முடித்தவர் வீடுகளில் நெடுங்காலம் காணமுடிந்தது. ஜாதிக்குரிய கடமையாக வந்த கைவேலைக்குப் பதில், சிநேகத்தினால் வந்த கைவேலை பந்தலில் புகுந்ததற்கு அவை சாட்சி.

சட்டம் இந்த மாற்றத்தை அங்கீகரிக்கத் தாமதித்தது. இத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தபோது, நற்பெயரோடு வாழ்ந்திருந்த எத்தனையோ தம்பதிகளின் உறவும் அவர்கள் மக்களின் வாரிசுரிமையும் அந்தரத்தில் நின்றன. 1955-ஆம் ஆண்டு வந்த இந்து விவாகச் சட்டமும் ஒரு தரப்பாருடைய வழக்கமான சடங்குகளையே கேட்டது. 1967-ஆம் ஆண்டில் முதலமைச்சரான அண்ணாதுரை, அச்சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை அவ்வாண்டே நிறைவேற்றி, முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லத்தக்கவையாக்கினார். அந்தப் பிரிவு கேட்பது மிகக் குறைவு: உற்றார், நண்பர் அல்லது வேறு எவரேனும் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், விரலில் மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றுள் எதைச் செய்தாலும் திருமணம் பூர்த்தியாகிவிடும். அகநானூற்றுப் பந்தலுக்குப் பின் இவ்வளவு சுருங்கிய விவாக விதியை இந்நாட்டு இந்துக்கள் கண்டதில்லை.

ஆனால் விதி சுருங்கிய அதே காலத்தில் கல்யாணம் பெருத்தது என்பது சரித்திரத்தின் விநோதம். பட்டணத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தவர்க்குப் பந்தல் போட முற்றம் இல்லை; சத்திரத்தையும், பின் கல்யாண மண்டபத்தையும் நாடினார்கள். ஐந்து நாள் கல்யாணம் மூன்று நாளாகி, ஒரு நாளாகி, முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் காலை முகூர்த்தமுமாக மண்டப வாடகைக் கணக்குக்குள் அடங்கிற்று. போர்க்கால அரிசிப் பங்கீடு விருந்தைச் சிலகாலம் ஒடுக்கியது. பங்கீடு நீங்கியதும் இலையில் வகைகள் இரட்டித்தன. அப்பளம் இட வந்த பெண்களுக்குப் பதில் காண்ட்ராக்ட் சமையற்காரர் வந்தார். வாழ்த்துப்பா படித்த நண்பருக்குப் பதில் மெல்லிசைக் குழு வந்தது. இதில் நஷ்டம் மட்டுமே நேர்ந்தது என்று சொல்ல மாட்டேன். வண்ணாரும் நாவிதரும் குயவரும் பரம்பரைக் கட்டிலிருந்து விடுபட்டு, பேசிய கூலிக்கு வேலை செய்யவும், வேண்டாமெனில் மறுக்கவும், தம் மக்களை வேறு தொழிலுக்கு அனுப்பவும் வழி பிறந்ததற்கு, பணத்தால் எல்லாவற்றையும் வாங்கும் இந்தப் புதுப் பழக்கமும் ஒரு காரணம். பணம் உறவை மெலியச் செய்தது. அடிமைத்தனத்தையும் அதுவே மெலியச் செய்தது.

ஆகவே, தங்கள் விவாகத்தைச் சிறிதாகவும் நிதானமாகவும் கைவேலைப்பாட்டோடும் நடத்த விரும்பும் இளைஞர்களுக்கு இந்தச் சரித்திரம் சொல்லும் யோசனை இரண்டு பகுதிகளை உடையது. முதற்பகுதி அவர்களுக்குத் தைரியம் தருவது: மணல் பரப்பிய பந்தலும், அறுகும் வாகையும், உளுந்துச் சோறும், நாலு பெண்களின் வாழ்த்துமே ஒரு காலத்தில் பூரணமான கல்யாணமாயிருந்தன, சடங்கென்று சட்டமும் இன்று அதற்குமேல் கேட்கவில்லை, சுற்றத்தார் முணுமுணுத்தால் நல்லாவூர் கிழாரைச் சாட்சிக்கு அழைக்கலாம். இரண்டாம் பகுதி சற்றே கடினமானது. பெயர் நெய்த பாய் வேண்டுமென்றால், பத்தமடைத் தாய்க்கு மாதக்கணக்கான அவகாசமும், அவள் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கும் மனமும் வேண்டும். அடுத்த வாரம் முகூர்த்தம் என்று ஓடிச்சென்று கேட்பவர்க்கு அந்த அழகு கிட்டாது. அத்தைமார் பட்சணம் செய்யவேண்டுமென்றால், எந்த அத்தை விருப்பத்தோடு செய்கிறாள், எந்த அத்தை மறுக்க வாயில்லாமல் செய்கிறாள் என்று கேட்டறிய வேண்டும். ஆண்கள் திண்ணையில் சீட்டாடப் பெண்கள் அடுப்படியில் வெந்த கல்யாணத்தைப் பழமை என்ற பெயரால் மீட்டுக் கொண்டுவர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கணவனை இழந்த தாய் இருந்தால், முதல் அட்சதை அவள் கையிலிருந்து விழட்டும். கீற்று முடைந்தவரும், மேளம் வாசித்தவரும், பாத்திரம் துலக்கியவரும் கூலியைப் பெற்றுக்கொண்டு, முதற்பந்தியிலேயே மணமக்களின் வரிசையில் அமர்ந்து உண்ணட்டும். இவ்வளவும் செய்த பின் அழைப்பிதழை அச்சில் போட்டாலும் கையால் எழுதினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.